நோயை விரட்டும் பாக்டீரியா: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

செடியின் இலையெல்லாம் பாக்டீரியா என்கிறார்களே, கழுவிவிட வேண்டாமா?

வேண்டவே வேண்டாம். நன்றாக இருக்கும் இலையில்கூட ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் பாக்டீரியா சாதாரணமாக இருக்கும். பெரும்பாலானவை செடிக்கு ஒரு கெடுதலும் செய்வதில்லை. இலையில் லேசாகக் கசியும் சர்க்கரையை இவை முந்திக்கொண்டு தின்றுவிடுவதால், பின்னால் வரும் நோய்க்கிருமிக்கு இடமும் இல்லை, இரையும் இல்லை.

இடம் பிடிப்பதோடு சரியா, இல்லை வேறு வேலையும் உண்டா?

நிறைய உண்டு. வேரோரம் வாழும் சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் என்ற பாக்டீரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணில் இரும்புச்சத்து கிடைப்பது அரிது என்பதால், அதைக் கவர்ந்து இழுக்க இது ஒரு நிறமியைச் சுரக்கிறது. வளர்ப்புத் தட்டைப் புற ஊதா வெளிச்சத்தில் பார்த்தால் மஞ்சளும் பச்சையுமாக ஒளிர்வது அந்த நிறமிதான். இரும்பு இதன் பக்கம் போய்விட்டால் நோய்ப் பூஞ்சை தவித்துப்போகும். இதன் சில ரகங்கள் பூஞ்சையைக் கொல்லும் நச்சையும் சுரக்கும்.

எனக்கு இதைவிடப் பெரிய வியப்பு, செடியையே உஷார்ப்படுத்துவது. 1991-இல் வெளியான ஆய்வு ஒன்றில் கார்னேஷன் என்ற பூச்செடியின் வேரில் நல்ல பாக்டீரியாவையும் தண்டில் வாடல் நோய்ப் பூஞ்சையையும் தனித்தனியாக இட்டார்கள். இரண்டும் சந்திக்கவே இல்லை, ஆனாலும் நோய் குறைந்தது. வேரில் கிடைத்த சேதி தண்டு வரை போயிருக்கிறது!

வாடல் முற்றிய பிறகு சூடோமோனாஸ் ஊற்றினேன். பலனே இல்லை. போலி மருந்தா?

அப்படி முடிவுகட்டிவிடாதீர்கள். இது வருமுன் காக்கும் காவல், வந்த நோயைத் தீர்க்கும் மருந்து இல்லை. ஆஸ்திரேலியாவில் தாவர நோய் ஆய்வாளர் ஆலன் கெர் கண்டறிந்த கே84 பாக்டீரியாவும் அப்படித்தான். பீச், ரோஜா நாற்றுகளின் வேரை நடுவதற்கு முன் அதன் கரைசலில் நனைத்தால், வேரிலும் தண்டின் அடியிலும் கட்டி கட்டியாக வீங்கும் கழலை நோயைத் தடுக்கும். கழலை வந்துவிட்ட செடியில் ஒன்றும் செய்யாது. நீங்களும் விதைக்கும் முன் விதையில் கலக்கும் விதை நேர்த்தியிலேயே தொடங்குங்கள்: டால்க் கலந்த சூடோமோனாஸ் தூள், கிலோ விதைக்கு 10 கிராம்.

சூடோமோனாஸைக் காப்பர் (தாமிர) மருந்தோடு சேர்த்துத் தெளிக்கலாமா?

கூடாது. தாமிரம் பாக்டீரியாவையும் கொல்லும், அதில் நல்லது கெட்டது என்ற பாகுபாடு கிடையாது.

ஒரே பயிரை மறுபடி மறுபடி போட்டால் நோய் கூடத்தானே செய்யும்?

பெரும்பாலும் ஆமாம், பயிர்ச் சுழற்சியை விட்டுவிடாதீர்கள். ஆனால் கோதுமையின் வேரைக் கருக்கி அழிக்கும் ‘டேக்-ஆல்’ என்ற பூஞ்சை நோயில் நேர்மாறாகவும் நடக்கிறது. விடாமல் கோதுமையே விதைத்த வயல்களில் சில ஆண்டுகள் நோய் ஏறி, அப்புறம் தானாகவே இறங்குகிறது. பூஞ்சையை அடக்கும் சூடோமோனாஸ் ரகங்கள் அதற்குள் வேரோரம் பெருகிவிடுகின்றன. அந்த மண்ணைச் சூடாக்கிப் பாக்டீரியாவைக் கொன்றுவிட்டால் காவலும் போய்விடுகிறது. அதில் கொஞ்சத்தை எடுத்து வேறு மண்ணில் கலந்தால் காவல் அங்கேயும் தொற்றிக்கொள்கிறது.