எடை குறைய ஓடலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வயது 38. உயரம் 168 செ.மீ., எடை 92 கிலோ. உட்கார்ந்தே செய்யும் வேலை. வேலூர் கோட்டை மைதானத்தில் மூன்று நாள் வேகமாக ஓடினேன். நான்காம் நாள் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு ஓரமாக வலி; மாடிப்படி இறங்க முடியவில்லை. என் உடம்புக்கு ஓட்டம் ஒத்துவராதா?
– ஒரு வாசகர், சத்துவாச்சாரி

ஒத்துவரும். அடுத்தடுத்த நாளில் ஓடியதும், வேகமாக ஓடியதும்தான் வலிக்குக் காரணம். ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு பாரம் காலில் இறங்குகிறது. இதயமும் மூச்சும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் பழக மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் ‘இன்னும் கொஞ்சம் ஓடலாம்’ என்று உற்சாகம் வருகிற நேரத்தில் புதியவர்களுக்குக் கால் பிடித்துக்கொள்கிறது.

இப்போதைக்கு ஓட்டத்தை நிறுத்துங்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி, 15 நிமிடம், நாளைக்கு இரண்டு மூன்று தடவை ஒத்தடம் கொடுங்கள். வலி எலும்போரம் நீளமாகப் பரவியிருந்தால் ஓய்விலேயே அடங்கும். விரல் நுனி வைக்கிற அளவு ஒரே இடத்தில் சுருக்கென்று வலித்தாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். எலும்பு மருத்துவரைப் பார்க்காமல் மறுபடி ஓடாதீர்கள்.

உங்கள் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 32-க்கு மேல். இந்தியர்களுக்கு 25-ஐத் தாண்டினாலே உடல் பருமன் என்று கணக்கு. ஆகவே தொடங்கும் முன் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி இருந்தால் முதலில் இதய மருத்துவர், ஓட்டமெல்லாம் அப்புறம்.

வலி முழுதாகப் போனபின் நான்கு வாரம் நடை மட்டும்: வாரத்தில் ஐந்து நாள், 30 நிமிடம், கைவீசி. ஐந்தாம் வாரத்திலிருந்து திங்கள், புதன், வெள்ளி என்று ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடுங்கள். 5 நிமிடம் நடந்து உடம்பைச் சூடாக்கி, 1 நிமிடம் மெல்லோட்டம், 2 நிமிடம் நடை என்று எட்டு தடவை. கடைசியில் 5 நிமிடம் நடை. இரண்டு வாரம் இப்படி. அடுத்து 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, ஆறு தடவை. பிறகு ஓட்டத்தைக் கூட்டி நடையைக் குறைத்துக்கொண்டே போனால், மூன்று மாத அளவில் 20 நிமிடம் நிற்காமல் ஓடலாம். ஒரு வாரம் சிரமமாக இருந்தால் அதே அளவை அடுத்த வாரமும் செய்யுங்கள். தாண்டிப் போக வேண்டாம்.

வேகத்துக்குக் கடிகாரம் தேவையில்லை. பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் அதிகம். ஒரு கிலோமீட்டருக்கு 9 நிமிடம் ஆனாலும் அது ஓட்டம்தான். கோட்டையில் உங்களைத் தாண்டிப் போகிற கல்லூரிப் பையன்களைப் பார்க்காதீர்கள். எட்டி வைக்காமல், சின்னச் சின்ன அடியாக, பாதம் இடுப்புக்கு நேர் கீழே விழும்படி ஓடுங்கள். ஓடாத நாட்களில் படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குங்கள்: 15 தடவை, மூன்று சுற்று. கெண்டைக்கால் உறுதியானால் முன்னெலும்பு வலி திரும்ப வருவது குறையும்.

பாலாற்று மணலில் ஓடினால் முட்டி தேயாது என்கிறார்களே?
– ஒரு வாசகர், வாலாஜாபேட்டை

தரையின் அதிர்ச்சி குறையும் என்பது சரி. ஆனால் மணலில் குதிகால் புதைவதால் கெண்டைக்காலும் குதிகால் தசைநாரும் அளவுக்கு மேல் இழுபடும். பள்ளம் தெரியாமல் கணுக்கால் பிசகும். புதியவர்களுக்குச் சமமான மண்தரையே நல்லது. மைதான ஓடுதளம் கிடைத்தால் இன்னும் நல்லது. மிதமான வேகத்தில் ஓடுவதால் நல்ல முட்டி தேய்ந்துபோகாது.

வயது 41, எடை 74 கிலோ. இரண்டு மாதமாக வாரம் மூன்று நாள், 3 கி.மீ. ஓடுகிறேன். எடை மெஷினில் எண் அசையவே இல்லை.
– ஒரு வாசகி, குடியாத்தம்

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோமீட்டர் ஓடினால், உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 1 கலோரி செலவாகும். உங்களுக்கு 3 கி.மீ.க்கு 222, வாரத்துக்கு 666. ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. சாப்பாடு துளியும் கூடாமல் இருந்தாலே ஒரு கிலோ குறைய பதினொன்று, பன்னிரண்டு வாரம் ஆகும். எட்டு வாரத்தில் குறைந்த கொஞ்சமும் உடம்பில் நீர் ஏறி இறங்குவதில் மறைந்துவிடும்.

இனி டீயைப் பாருங்கள். ஒரு டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, நாளைக்கு நான்கு டீ என்றால் 40 கிராம் சர்க்கரை, 160 கலோரி. வாரத்துக்கு 1,120. நீங்கள் ஓடிக் கரைத்ததை விட அதிகம்! குழம்பில் கூடுதலாக விடும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயும் 120 கலோரிக்குக் குறையாது. ஓடியதற்குப் பரிசாகச் சாப்பிடும் இரண்டு வடை அன்றைய ஓட்டத்தை அப்படியே திருப்பித் தந்துவிடும்.

எடையைக் குறைப்பது பெரும்பாலும் தட்டு. குறைந்ததைத் திரும்ப ஏறவிடாமல் காப்பதில்தான் ஓட்டத்தின் பலம். சர்க்கரையைப் பாதியாக்குங்கள். மதியச் சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் சுண்டலோ முட்டையோ கூட்டோ வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் பிரியாணியை விட வேண்டியதில்லை, ஒரு தட்டோடு நிறுத்தினால் போதும். வாரத்தில் ஒரே நாள், காலையில், வெறும் வயிற்றில் எடை பாருங்கள். இடுப்புச் சுற்றளவையும் குறித்து வையுங்கள். பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தான் எல்லை. முள் அசையாத மாதத்திலும் நாடா இறங்குவதுண்டு. அசதி, முடி உதிர்வு, மாதவிடாய் மாற்றம் இருந்தால் தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன், வயது 52. காலையில் வெறும் வயிற்றில் ஓடலாமா?
– ஒரு வாசகர், ஆற்காடு

எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை தாழ்வது அரிது. கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்தால் வெறும் வயிற்றில் ஓடாதீர்கள். கிளம்பும் முன் சோதியுங்கள்: 100-க்குக் கீழே இருந்தால் ஒரு சிறிய வாழைப்பழம் சாப்பிட்டு 15 நிமிடம் கழித்துக் கிளம்புங்கள்; 250-க்கு மேலே இருந்து உடம்பும் சரியில்லை என்றால் அன்று வேண்டாம். மூன்று ஸ்பூன் குளுக்கோஸ் பொட்டலம் பையில் இருக்கட்டும். நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு வந்த கணமே சாப்பிடுங்கள். மாத்திரை அளவை நீங்களாக மாற்றக்கூடாது. வெறுங்காலோடு ஓடவே கூடாது. வீடு திரும்பியதும் உள்ளங்காலில் கொப்புளம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு குழந்தைகள். ஓடும்போது சிறுநீர் கசிகிறது. வெட்கத்தால் விட்டுவிட்டேன்.
– ஒரு வாசகி, காட்பாடி

பிரசவித்த பெண்களில் பலருக்கு உள்ள பிரச்சினை இது. பெரும்பாலும் பயிற்சியில் குறையும். சிறுநீரை அடக்குவது போல அடிவயிற்றின் கீழ்த்தசையை உள்ளிழுத்து, 10 எண்ணும் வரை பிடித்து விடுங்கள். பத்து தடவை, நாளைக்கு மூன்று வேளை, மூன்று மாதம். தொடக்கத்தில் 5 எண்ணுவதே கடினமாக இருக்கலாம். மூச்சை அடக்காதீர்கள், தொடையையும் இறுக்காதீர்கள். அதுவரை வேகநடை போதும். மூன்று மாதத்திலும் குறையாவிட்டாலோ, அடிவயிற்றில் எதையோ கீழே இழுப்பது போல் இருந்தாலோ, மகப்பேறு மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

எந்த ஷூ வாங்கலாம்? வெயில் காலத்தில் எப்போது ஓடுவது?
– ஒரு வாசகர், ராணிப்பேட்டை

விலையைவிட அளவு முக்கியம். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும்போது, ஓடப் போடும் சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். கேன்வாஸ் ஷூ ஓட்டத்துக்கு ஆகாது. 500 முதல் 800 கி.மீ. ஓடியபின் மாற்றுங்கள். மார்ச் முதல் ஜூன் வரை, குறிப்பாக அக்னி நட்சத்திரத்தில், விடியும் முன் தொடங்கி ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். தலைவலி, குமட்டல், பேச்சுக் குழறல் தெரிந்தால் உடனே நிழலுக்குப் போய் உடம்பில் தண்ணீர் ஊற்ற வேண்டும். குழறல் இருந்தால் 108-ஐ அழையுங்கள்.

விடியற்காலையில் தெருநாய்கள் துரத்துகின்றன.
– ஒரு வாசகி, பாகாயம்

ஓடாமல் நின்றுவிடுங்கள். கண்ணை நேராகப் பார்க்காமல், முதுகு காட்டாமல், மெல்லப் பின்வாங்குங்கள். கடித்தாலோ பல் கீறினாலோ சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் தடவ வேண்டாம். வெறிநாய்க்கடி ஊசியில் ஒரு தவணையையும் தவறவிடாதீர்கள்.