நண்பன் வரட்டும், நீங்கள் லீவு போடாதீர்கள்

தம்பி, அக்டோபரில் ஜெர்மனியின் ஆஹன் நகரில் முதுகலை சேர்ந்ததாகவும், நெதர்லாந்தில் படிக்கும் பள்ளித் தோழன் இரண்டு நாள் தங்கிப் போக ஆசைப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். "அறை, வகுப்பு, மென்சா (பல்கலைக்கழக உணவகம்), மறுபடி அறை. இதில் அவனுக்குக் காட்ட என்ன இருக்கிறது? லீவு போட்டு ஊரைச் சுற்றிக் காட்டவா, அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிடவா?" என்று கேட்கிறீர்கள்.

வரச் சொல்லுங்கள், அதுவும் வார நாளில். வகுப்பை விடாதீர்கள், அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். நமக்குப் பழக்கமான மதில், வாட்ச்மேன், கேட் எதுவும் இங்கே கிடையாது. பல்கலைக்கழகக் கட்டடங்கள் ஊருக்குள்ளேயே கலந்து கிடக்கின்றன. பெரிய வகுப்பில் பின்வரிசையில் ஒருவர் கூடுதலாக உட்கார்ந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. லேப், சின்ன செமினார் என்றால் மட்டும் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

நான் 2011-இல் இங்கே படிக்க வந்தவன். முதல் குளிர்காலத்தில் நெதர்லாந்தின் டெல்ஃப்டிலிருந்து என் நண்பன் வந்தான். அன்று எனக்குக் கார்மன் ஆடிட்டோரியத்தில் வகுப்பு, அவனையும் அழைத்துப் போனேன். பேராசிரியர் முடித்ததும் அரங்கமே விரல் முட்டியால் மேசையைத் தட்டியது. கைதட்டுவதற்குப் பதில் இங்கே அப்படித்தான். அவன் ஒரு நொடி திகைத்துவிட்டு, எல்லாரையும்விட பலமாகத் தட்டினான். எனக்கு எப்போதோ பழகிப்போன சத்தம் அது. அன்றைக்குத்தான் மறுபடி காதில் விழுந்த மாதிரி இருந்தது.

பிறகு பொன்ட்வால் மென்சாவுக்குப் போனோம். தட்டை வைத்துவிட்டு, "தினமும் யாரோட சாப்பிடுவ?" என்றான். சாதாரணமாகத்தான் கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. நான்கு மாதமாகத் தனியாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், அதை அதுவரை எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. அவன் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. பக்கத்து மேசையில் சூப் குடித்துக்கொண்டிருந்த பையனைக் காட்டி, "இவன் உன் கிளாஸ்ல முன்னாடி உட்கார்ந்திருந்தானே?" என்றவன், எழுந்து போய் அவனிடமே பேச்சுக் கொடுத்துவிட்டான். அந்தப் பையன் தட்டோடு எங்கள் மேசைக்கு வந்தான். அதே வாரத்தில் நானும் அவனும் சேர்ந்து பயிற்சித்தாள் போட ஆரம்பித்தோம். பல பாடங்களில் செமஸ்டர் கடைசியில் வரும் ஒரே தேர்வுதான் மொத்த மதிப்பெண்ணும். அந்தத் தேர்வுக்குத் தனியாகத் தயாராவது எவ்வளவு கஷ்டம் என்று போகப் போகத் தெரியும்.

அதனால்தான் சொல்கிறேன், காட்ட ஒன்றுமில்லை என்று கூச்சப்படாதீர்கள். உங்கள் நாள் எப்படிப் போகிறதோ அப்படியே அவன் பார்க்கட்டும். சரியாகச் சாப்பிடுகிறீர்களா, யாரோடு பேசுகிறீர்கள் என்று வீடியோ காலில் தெரியாததெல்லாம் நேரில் வந்தவன் கண்ணில் பட்டுவிடும்.

ஊர் பார்க்க மாலை நேரம் போதும். எலிசன்புருன்னன் என்ற ஊற்று மண்டபத்தில் கொட்டும் வெந்நீரில் கந்தக வாடை மூக்கைத் துளைக்கும், கிட்டப் போய் முகரச் சொல்லுங்கள்! பக்கத்திலேயே இடைக்காலப் பேரரசர் சார்லமேனின் சிம்மாசனம் இருக்கும் பேராலயம். 1978-இல் யுனெஸ்கோ வெளியிட்ட முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலிலேயே இடம்பிடித்தது. அப்புறம் பொன்ட்ஸ்ட்ராஸ தெருப் பக்கம் நடந்தால் மாணவர் கூட்டம்தான்.

சில நடைமுறை விஷயங்கள். மென்சாவில் விருந்தினருக்கு விலை கொஞ்சம் கூடுதல், உங்கள் அட்டையிலேயே போதிய பணம் ஏற்றி வையுங்கள். இரவு 10 மணிக்கு மேல் பேச்சைத் தணித்துக்கொள்ளுங்கள், சுவர் மெல்லியது. ஞாயிறு வரை தங்குவதானால் சனிக்கிழமையே சாமான் வாங்கிவிடுங்கள், ஞாயிறு கடை இருக்காது. பகுதிநேர வேலைக்கும் லீவு வேண்டாம், ஷிஃப்டை யாரிடமாவது மாற்றிக்கொண்டால் போதும்.

முக்கியமான ஒன்று: நெதர்லாந்து குடியிருப்பு அட்டை இருப்பதால் அவனுக்குத் தனி விசா தேவையில்லை, 180 நாளில் 90 நாள் வரை இங்கே வந்து தங்கலாம். ஆனால் அந்த அட்டையோடு பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும். 2024 செப்டம்பரில் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைக் கொண்டுவந்தது. ரயிலிலோ பஸ்ஸிலோ போலீஸ் ஏறிக் கேட்கும்போது போனில் இருக்கும் படத்தைக் காட்டினால் செல்லாது. டிக்கெட் போடும் முன்பே இதை அவனிடம் சொல்லிவிடுங்கள்.