காந்தம் இழந்த பள்ளங்கள்

கேள்வி: செவ்வாயின் மாபெரும் விண்கல் பள்ளங்களுக்கு மேலே காந்தப்புலம் மிகக் குறைவாக இருப்பதாகவும், அதை வைத்தே அக்கோளின் காந்தப்புலம் எப்போது அழிந்தது என்று கணிப்பதாகவும் படித்தேன். மோதலுக்கும் காந்தத்துக்கும் என்ன தொடர்பு?

பதில்: எரிமலைக் குழம்பு ஆறி இறுகும்போது, அதிலுள்ள மேக்னடைட் போன்ற இரும்புக் கனிமங்கள் அப்போது அங்கே நிலவும் காந்தப்புலத்தின் திசையைத் தம்முள் பதித்துக்கொள்கின்றன, பின்னாளில் அந்தப் புலம் மறைந்தாலும் பதிவு பல நூறு கோடி ஆண்டுகள் நிலைத்திருக்கக்கூடும். பெரும் மோதல் அந்தப் பதிவை இரண்டு வழிகளில் அழிக்கிறது. சுமார் 580 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மேக்னடைட் தன் நிலைக்காந்தத்தை முற்றிலும் இழந்துவிடும். அந்த அளவுக்குச் சூடேறாத பாறையிலும், அதிர்ச்சி அலையின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போலப் பல்லாயிரம் மடங்கை எட்டினால், காந்தத்தின் பெரும்பகுதி குலைந்துபோகும்.

சூடேறிய பாறை மறுபடி ஆறும்போது கோளுக்குக் காந்தப்புலம் இருந்தால் புதிய பதிவு உண்டாகும். இல்லையெனில் பள்ளம் காந்தமின்றியே தங்கிவிடும். 1997-இல் செவ்வாயை அடைந்த மார்ஸ் குளோபல் சர்வேயர் விண்கலம், தென்பகுதி மேட்டுநிலங்களில் வலுவான காந்தத்தையும், ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் அகலமுள்ள ஹெல்லாஸ், அதைவிடச் சிறிய ஆர்கைர் ஆகிய பள்ளங்களின் உட்பகுதியில் மிகக் குறைந்த காந்தத்தையும் கண்டது. ஆகவே, சுமார் 400 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பள்ளங்கள் தோன்றியபோது செவ்வாயின் காந்தப்புலம் ஏற்கெனவே நின்றுவிட்டது என்று பலர் முடிவுசெய்தனர்.

இந்த முடிவை நான் முழுமையாக ஏற்கவில்லை. மேவன் விண்கலத்தின் அளவீடுகளைக் கொண்டு 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, ஏறத்தாழ 370 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எரிமலைப் பாறையிலும் காந்தப் பதிவு இருப்பதை, அதாவது அப்போதும் காந்தப்புலம் இருந்ததைச் சுட்டியது. மேலும், பெரிய பள்ளத்தின் அடிப்பாறை முழுவதும் ஆறுவதற்கு மிக நீண்ட காலம் ஆகும். அதற்குள் கோளின் வட, தென் காந்தத் துருவங்கள் பலமுறை இடம் மாறியிருந்தால், எதிரெதிர்த் திசையில் காந்தமேறிய அடுக்குகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிட, உயரத்தில் சுற்றும் விண்கலத்துக்கு அந்த இடம் காந்தமற்றதாகவே தெரியும். மோதல் பள்ளங்கள் எல்லாம் காந்தமற்றவை அல்ல என்பதற்கு, நிலவின் கிரிசியம் போன்ற சில பழைய பள்ளங்களின் உட்பகுதியில் காந்தம் எஞ்சியிருப்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: பூமியில் இதற்கு எடுத்துக்காட்டு உண்டா?

பதில்: உண்டு. மெக்சிகோவின் யுகட்டான் கரையில் எண்ணெய் தேடி நடத்திய வான்வழிக் காந்த அளவீட்டில், 1978-இல் கிளென் பென்ஃபீல்ட் கடலடியில் ஒரு பெரிய வில் வடிவத்தைக் கண்டார். பிறகு அது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றிய சிக்சுலுப் பள்ளத்தின் பகுதி என்று உறுதியானது. அங்கே உருகி இறுகிய பாறையில், இன்றைய புலத்துக்கு நேரெதிரான திசையிலேயே காந்தம் பதிந்துள்ளது. மோதல் நிகழ்ந்த காலத்தில் பூமியின் காந்தத் துருவங்கள் இடம் மாறியிருந்தன.