பவளத் தொட்டிக்கு எந்த மணல்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம் உள்ள கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்க்க இருக்கிறேன். மாவு போன்ற நைஸ் மணல், அதைவிடச் சற்றுப் பெரிய மணல், உடைத்த பவளத் துண்டு என்று மூன்று வகை கிடைக்கிறது. எதை வாங்குவது? எத்தனை கிலோ தேவைப்படும்?

பதில்: நடுவில் உள்ளதை வாங்குங்கள். 1 முதல் 2 மி.மீ. பருமன் உள்ள அரகோனைட் (கால்சியம் கார்பனேட் கனிமம்) மணல்தான் பெரும்பாலான பவளத் தொட்டிகளுக்குப் பொருந்தும். அரை மி.மீ.க்கும் குறைவான நைஸ் மணல் பார்க்க அழகுதான். ஆனால் கிளைகிளையாக வளரும் எஸ்.பி.எஸ். (சிறு பாலிப் கல்பவளம்) வகைப் பவளங்களுக்கு, தொட்டியின் கொள்ளளவைப் போல் மணிக்கு 20 முதல் 40 மடங்கு நீர் சுழலும்படி அலை பம்ப் வைப்பார்கள். அந்த வேகத்தில் நைஸ் மணல் ஒரு மூலையில் குவிந்துவிடும், இன்னொரு மூலையில் அடிக்கண்ணாடி தெரியும். பறக்கும் துகள்கள் பவளத்தின் சதைமேல் படிந்து திசுவை அழுக வைக்கும். பம்புக்குள் போனால் சுழல்தண்டைத் தேய்க்கும். மென்பவளங்கள் மட்டும் வைத்து 10 மடங்குக்கு அருகில் நீரோட்டம் கொடுப்பவர்கள் நைஸ் மணலைத் தாராளமாகப் போடலாம்.

3 மி.மீ.க்கு மேற்பட்ட உடைத்த பவளத்தில் சிக்கல் வேறு விதம். எந்த ஓட்டத்திலும் அது அசையாது. ஆனால் துண்டுகளின் இடுக்கில் தீவன மிச்சமும் கழிவும் இறங்கித் தங்கும். வாரந்தோறும் சைஃபன் போட்டு உறிஞ்சாவிட்டால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறிக்கொண்டே போகும்.

அளவுக் கணக்கு எளிது. நீளம், அகலம், மணலின் உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் வரும். 4 செ.மீ. உயரத்துக்கு 90 × 45 × 4 ÷ 1000 = 16.2 லிட்டர். காய்ந்த அரகோனைட் லிட்டருக்குச் சுமார் 1.5 கிலோ என்பதால் 24 கிலோ. பாறைகள் உட்காரும் இடத்தில் மணல் வேண்டாம், ஆகவே முதலில் 20 கிலோ போட்டுப் பாருங்கள். இந்த 20 கிலோ ஏறக்குறைய 7 லிட்டர் நீரின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். உப்பு, மருந்து அளவுகளைக் கணக்கிடும்போது அதைக் கழிக்க மறக்காதீர்கள்.

கேள்வி: அரகோனைட் மணல் போட்டால் பி.ஹெச். தானாகவே நிலைத்து நிற்கும், கால்சியம் தனியாகச் சேர்க்கத் தேவையில்லை என்கிறார்களே?

பதில்: அப்படி நம்பிப் பவளங்களை இழந்துவிடாதீர்கள். அரகோனைட் என்பது கால்சியம் கார்பனேட்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பி.ஹெச். 8.0 முதல் 8.3 வரை உள்ள கடல்நீரில் கால்சியம் கார்பனேட் ஏற்கெனவே கரையக்கூடிய அளவுக்கு மேல் நிறைந்திருக்கிறது. அந்த நீரில் மணல் கரையாது. வாய்ப்புக் கிடைத்தால் நீரிலுள்ள கால்சியம்தான் மணல்மேல் படியும். புது மணல் போட்ட தொட்டியில் காரத்தன்மை சற்று இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். தொட்டிக்குக் கால்சியம் ஊட்டும் கருவியான கால்சியம் ரியாக்டரில் இதே பொருள் கரைகிறதே என்றால், அங்கே கரியமில வாயுவைச் செலுத்தி பி.ஹெச்.சை 6.5 முதல் 6.8 வரை இறக்குகிறார்கள். தொட்டி மணலின் அடியில் பாக்டீரியாக்கள் வாழும் இடத்தில் சிறிதளவு கரையக்கூடும். வளரும் பவளங்கள் உறிஞ்சும் வேகத்துக்கு அது ஈடாகாது.

டெஸ்ட் கிட்டை நம்புங்கள். கால்சியம் 400 முதல் 450 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), காரத்தன்மை 8 முதல் 9 டி.கே.ஹெச். (காரத்தன்மையின் அலகு), மெக்னீசியம் 1250 முதல் 1350 பி.பி.எம். என்று வைத்துக்கொண்டு, குறைவதை மருந்தாகச் சேருங்கள். மணலைத் தேர்ந்தெடுக்கும்போது நீரின் வேதியியலைப் பார்க்க வேண்டாம். ஓட்டம் எவ்வளவு, அதில் எந்த உயிர்கள் வாழப்போகின்றன என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: குவார்ட்ஸ் மணல் மலிவாகக் கிடைக்கிறது. அது பாசியை வளர்க்கும் என்பது உண்மையா? கறுப்பு மணல், கடற்கரை மணல் போடலாமா?

பதில்: குவார்ட்ஸ் கடல்நீரில் கரைவது மிகமிகக் குறைவு. புதுத் தொட்டியில் படரும் பழுப்பு டயாட்டம் பாசிக்கான சிலிக்கேட் பெரும்பாலும் குழாய்த் தண்ணீரிலிருந்து வருகிறது. சவ்வாலும் அயனி நீக்கியாலும் சுத்திகரித்த ஆர்.ஓ.டி.ஐ. நீர் பயன்படுத்தினால் சில வாரங்களில் அது அடங்கிவிடும். குவார்ட்ஸை நாங்கள் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் அதன் கடினம். மோஸ் அளவில் குவார்ட்ஸ் 7, கண்ணாடி சுமார் 5.5, அரகோனைட் 3.5 முதல் 4. காந்தத் துடைப்பானில் ஒரே ஒரு குவார்ட்ஸ் மணி சிக்கினாலும் கண்ணாடியில் அழியாத கோடு விழும். அரகோனைட் மணி சிக்கினால் பெரும்பாலும் மணிதான் நொறுங்கும். அக்ரிலிக் தொட்டி என்றால் இரண்டுமே கீறும், ஆகவே மணலுக்கு மேல் 3 செ.மீ. உயரத்துக்குள் காந்தத்தைக் கொண்டுபோகாதீர்கள்.

கறுப்பு மணலை வாங்குமுன் அதன்மேல் ஒரு காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். மணிகள் ஒட்டினால் வேண்டாம். கடற்கரை மணலில் எண்ணெய், உலோகங்கள், சாக்கடைக் கழிவு எதுவும் கலந்திருக்கலாம். பல நாடுகளில் அதை அள்ளுவதே குற்றம். வாங்கியது கார்பனேட் மணல்தானா என்று சந்தேகம் வந்தால் ஒரு கரண்டி மணலில் வினிகர் விடுங்கள். நுரைத்தால் கார்பனேட்.

கேள்வி: பையில் ஈரத்தோடு வரும் ‘உயிர் மணல்’ வாங்குவது நல்லதா?

பதில்: மூடிய பையில் பாக்டீரியா பிழைக்கும், புழுக்களும் நுண்ணிறால்களும் பிழைப்பது அரிது. பாக்டீரியா மட்டும் போதுமென்றால் காய்ந்த மணலோடு ஒரு புட்டி நைட்ரிஃபையிங் (அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும்) பாக்டீரியா சேர்த்தாலே அந்த வேலை நடக்கும். நலமாக ஓடும் தொட்டியிலிருந்து மேற்பரப்பு மணல் ஒரு கோப்பை கிடைத்தால் அதில் உண்மையாகவே உயிர் இருக்கும். கொடுப்பவர் தொட்டியில் ஐப்டேசியா (களைபோல் பரவும் கடல் அனிமோன்), சிவப்புப் பாசி இல்லை என்று நேரில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: மணல் போட்டபின் மூன்று நாளாகத் தண்ணீர் பால்போல் இருக்கிறது. என்ன தவறு?

பதில்: கழுவாத மணல் அல்லது போட்ட விதம். காய்ந்த மணலை வாளியில் ஐந்தைந்து கிலோவாகப் போட்டு, அடிவரை கையால் கிளறி, வழியும் நீர் தெளியும்வரை கழுவ வேண்டும். கடைசி அலசல் ஆர்.ஓ. நீரில். பாறைகளை முதலில் வெறும் கண்ணாடியில் நிறுத்தி, அசையாமல் உட்கார்ந்தபின் சுற்றிலும் மணலைப் பரப்புங்கள். மணல்மேல் பாறை வைத்தால், பள்ளம் தோண்டும் கோபி மீனும் பிஸ்டல் இறாலும் அடியைக் குடைந்து ஒருநாள் பாறையைச் சரித்துவிடும். ஏற்கெனவே நீர் நிறைந்த தொட்டியில் சேர்ப்பதானால் பம்புகளை நிறுத்தி, தரைவரை எட்டும் பி.வி.சி. குழாயின் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள்.

இப்போதைக்கு ஃபில்டரில் புதுப் பஞ்சை வைத்து தினமும் மாற்றுங்கள். நுண்தூசி ஓரிரு நாளில் படிந்துவிடும். தெளிந்த நீர் சில நாள் கழித்து மறுபடி வெளுத்தால் அது மணல் தூசி அல்ல, பாக்டீரியாப் பெருக்கம். அப்போது தீவனத்தைக் குறைத்து, ஸ்கிம்மரையும் (கழிவை நுரையாக்கி நீக்கும் கருவி) காற்றோட்டத்தையும் கூட்டுங்கள், ஏனென்றால் பாக்டீரியாக்கள் மீன்களின் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும்.

கேள்வி: மஞ்சள் ராஸ் மீனும், மணலை வாயால் சலிக்கும் கோபியும் வளர்க்க ஆசை. மணல் எப்படி இருக்க வேண்டும்?

பதில்: ஹாலிகோரஸ் இன ராஸ்கள் இரவில் மணலுக்குள் புதைந்து உறங்கும், பயந்தாலும் பாய்ந்து புதையும். குறைந்தது 5 செ.மீ. ஆழம், 2 மி.மீ.க்கு மிகாத மணி. உடைத்த பவளத்தில் பாய்ந்தால் உடலும் வாயும் கிழிந்து தொற்று வரும். வலென்சியென்னியா கோபிகள் மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியே வெளியேற்றுவதால் 1 மி.மீ. அளவே ஏற்றது. அவை அள்ளும் மணலைக் கீழிருக்கும் பவளங்கள்மேல் கொட்டும். தரையில் வைக்கும் பவளங்களை உயரமான சிறு கல்லில் ஏற்றிவிடுங்கள். மணலிலுள்ள சிற்றுயிர்களைத் தின்று தீர்த்தபின் இந்த மீன்கள் மெலியும், ஆகவே நாளுக்கு இரண்டு மூன்று முறை உறையவைத்த மைசிஸ் சிற்றிறால் கொடுங்கள். மணல் சலிக்கும் நட்சத்திர மீனை மட்டும் வேண்டவே வேண்டாம் என்போம். சிறிய தொட்டியில் அது பெரும்பாலும் பட்டினியில்தான் சாகிறது. நாசாரியஸ் நத்தைகள் மணலைக் கிளறும் வேலையைச் சேதமில்லாமல் செய்யும்.

பொந்து தோண்டி வாழும் ஜாஃபிஷ் மீன் வளர்ப்பதானால் கணக்கே வேறு. 10 செ.மீ.க்கு மேல் ஆழம் வேண்டும். நைஸ் மணலோடு சிறு சிப்பித் துண்டும் கல் துண்டும் கலந்தால்தான் அதன் பொந்து இடியாமல் நிற்கும்.

கேள்வி: ஆழ்மணல் படுகை நைட்ரேட்டைக் குறைக்கும் என்கிறார்கள். 7 செ.மீ. போட்டால் போதுமா?

பதில்: 7 செ.மீ. இரண்டுங்கெட்டான் ஆழம். 5 செ.மீ.க்குள் இருந்தால் அடிவரை சுத்தம் செய்யலாம். 10 முதல் 15 செ.மீ. நைஸ் மணல் இருந்தால், ஆக்சிஜன் எட்டாத அடுக்கில் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கும். நடுவில் நின்றால் கழிவு மட்டும் சேரும். ஆழ்மணலைத் தோண்டக்கூடாது. அடியில் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கலாம், அழுகிய முட்டை நாற்றத்தோடு வெளிவந்தால் மீன்களைக் கொல்லும். முதல் தொட்டியில் 3 முதல் 5 செ.மீ.யோடு நிறுத்தி, வாரந்தோறும் நீர் மாற்றும்போது தரையில் கால் பங்கை மட்டும் சைஃபனால் சுத்தம் செய்வதே எங்கள் யோசனை.

கேள்வி: ஓராண்டில் மணல் கட்டிகட்டியாகக் கல்லாகிவிட்டது. ஏன்?

பதில்: கால்சியம் கார்பனேட் படிந்து மணிகளை ஒட்டவைத்திருக்கிறது. காரத்தன்மை 11, 12 டி.கே.ஹெச்.சுக்கு ஏறியதோ, சுண்ணாம்பு நீரை வேகமாக ஊற்றியதோ, மெக்னீசியம் 1200-க்குக் கீழே இறங்கியதோ காரணமாக இருக்கும். மருந்துகளை நீரோட்டம் பலமான இடத்தில், கால்சியத்தையும் கார்பனேட்டையும் நேர இடைவெளி விட்டு, சொட்டுச்சொட்டாக விடுங்கள். கட்டிகளை உள்ளேயே உடைக்க வேண்டாம், வாரம் ஒரு பகுதியாகக் கையால் எடுத்துவிட்டு அதே அளவு புது மணலைக் குழாயில் இறக்குங்கள்.

கேள்வி: பழைய தொட்டியைக் கலைக்கிறேன். அதன் மணலைப் புதிய தொட்டியில் போடலாமா?

பதில்: அரகோனைட் பாஸ்பேட்டை ஒட்டவைத்துக்கொள்ளும், பிறகு சிறிது சிறிதாக விடும். உப்புநீரில் நன்றாக அலசிய ஒரு கோப்பை மணலை 2 லிட்டர் புது உப்புநீரில் இரண்டு நாள் வைத்து பாஸ்பேட் அளவிடுங்கள். 0.1 பி.பி.எம்.மைத் தாண்டினால் அந்த மணலை விட்டுவிடுங்கள்.