பீம் எவ்வளவு தொய்யும்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் யூனிட் தகராறு. அதனால் அந்த ஒரு பதில் மட்டும் நீளும், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுமை நிற்கும் இடத்துக்கு நேர் கீழேதானே தொய்வு அதிகமாக இருக்கும்?

இல்லை. வளைந்த பீமின் சாய்வு எங்கே பூஜ்யமோ, அங்கேதான். 6 மீட்டர் சிம்ப்ளி சப்போர்ட்டட் பீமில் (இரு முனையும் தாங்கிமேல் சும்மா உட்கார்ந்திருக்கும், சாய முடியும்), இடது முனையிலிருந்து 4.5 மீட்டரில் ஒற்றைச் சுமையை வையுங்கள். அதிகபட்சத் தொய்வு வரும் இடம் சுமார் 3.35 மீட்டர்! சுமையை வலது தாங்கிக்கு அருகே தள்ளிக்கொண்டே போனாலும் அந்தப் புள்ளி ஸ்பேனில் (தாங்கிகளுக்கு இடைப்பட்ட நீளத்தில்) 0.577 பங்கைத் தாண்டாது. மேலே சொன்ன கணக்கில் நட்டநடுவில் உள்ள தொய்வுக்கும் அதிகபட்சத்துக்கும் 2 சதவீதம்கூட வித்தியாசமில்லை. அவசரத்துக்கு நடுப்புள்ளியைக் கணக்கிட்டாலே போதும். வளைந்த வடிவத்தை முதலில் பென்சிலால் வரைந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

5 மீட்டர் பீம், நடுவில் 30 கிலோநியூட்டன். என் விடை சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

தாங்கிகள் எப்படிப்பட்டவை என்று எழுதவில்லையே! இரு முனையும் சிம்பிள் சப்போர்ட் என்றால் சூத்திரத்தில் கீழே 48, இரண்டும் ஃபிக்ஸட் (சாய முடியாமல் இறுக்கியவை) என்றால் 192. விடை நான்கு மடங்கு மாறும். இதைச் சொல்லாமல் கணக்கை அனுப்பினால் நான் எதைப் பார்ப்பது? தாங்கிகளோடு படம் வரைந்து மறுபடி அனுப்புங்கள்.

6 மீட்டர் பீம், சிம்பிள் சப்போர்ட், நடுவில் 40 கிலோநியூட்டன். இனர்ஷியா (வெட்டுமுகம் வளைவை எதிர்க்கும் அளவு) 8 கோடி மி.மீ. நான்கடுக்கு. எனக்குத் தொய்வு 11,250 மி.மீ. வருகிறது. சூத்திரம் தவறா?

சூத்திரம் சரி. 6 மீட்டர் நீளமுள்ள பீம் 11 மீட்டர் தொய்கிறது என்று எழுதும்போது கை நின்றிருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய தாளைப் பார்த்தேன். சுமையை 40,000 நியூட்டன் என்று மாற்றியிருக்கிறீர்கள், நல்லது. ஆனால் யங் குணகத்தை (பொருளின் விறைப்பை), புத்தகத்தில் சதுர மி.மீ.க்குக் கிலோநியூட்டனில் கொடுத்திருந்த 200 என்ற எண்ணாகவே போட்டுவிட்டீர்கள். ஆயிரம் மடங்கு பிழை வந்தது அங்கேதான். நான்கு வரிக் கணக்கில் ஒரு வரியிலும் யூனிட் இல்லை. கடைசி வரியில் மட்டும் ‘மி.மீ.’ என்று ஒட்டவைத்திருக்கிறீர்கள்.

நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். ‘ஈ’யையும் (யங் குணகம்) ‘ஐ’யையும் (இனர்ஷியா) தனித்தனியாகக் கடைசிவரை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். முதலிலேயே பெருக்கி ஒரே எண்ணாக்குங்கள். 200 கிலோநியூட்டன் என்பது 2 லட்சம் நியூட்டன்; அதை 8 கோடியால் பெருக்கினால் 16 லட்சம் கோடி நியூட்டன் சதுர மி.மீ. அதை 100 கோடியால் வகுத்தால் 16,000 கிலோநியூட்டன் சதுர மீட்டர். இதற்கப்புறம் எல்லாம் கிலோநியூட்டனும் மீட்டரும்தான். சுமை 40, நீளத்தின் கியூப் 216, பெருக்கினால் 8,640. அதை 48-ஆல் வகுத்தால் 180. 180-ஐ 16,000-ஆல் வகுத்தால் 0.01125 மீட்டர். அதாவது 11 மி.மீ. ஸ்பேனில் 360-இல் ஒரு பங்கு என்று வைத்தால் கிட்டத்தட்ட 17 மி.மீ. வரை அனுமதி, பீம் தாராளமாகத் தேறுகிறது. முனைச் சாய்வும் அதே எண்ணிலிருந்து வந்துவிடும்: 90-ஐ 16,000-ஆல் வகுத்தால் சுமார் 0.0056 ரேடியன். டிகிரி அல்ல, ரேடியன்.

11 மீட்டர் என்ற பிழை தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். நான் பயப்படுவது பத்து மடங்குப் பிழைக்கு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கணக்கு சரிபார்க்க என்னிடம் வந்தது. அட்டவணையில் இனர்ஷியா செ.மீ. நான்கடுக்கில் இருந்தது. மி.மீ. நான்கடுக்குக்கு மாற்ற 10,000-ஆல் பெருக்க வேண்டியதை ஒரு லட்சத்தால் பெருக்கியிருந்தார்கள். 3 மி.மீ. என்று அழகாக எழுதியிருந்த தொய்வு உண்மையில் 30 மி.மீ. யாருக்கும் சந்தேகம் வரவில்லை, ஏனென்றால் 3 என்பது நம்பக்கூடிய எண். அன்றிலிருந்து வரிக்கு வரி யூனிட் எழுதாத கணக்கை நான் திருத்துவதில்லை, திருப்பி அனுப்பிவிடுவேன்.

கூடுதல் வலிமையுள்ள ஸ்டீல் போட்டால் தொய்வு குறையுமா?

குறையாது. எந்தத் தரமானாலும் யங் குணகம் ஏறக்குறைய சதுர மி.மீ.க்கு 2 லட்சம் நியூட்டன்தான். ஆழத்தைக் கூட்டுங்கள். செவ்வக வெட்டுமுகத்தில் ஆழம் இரண்டு மடங்கானால் தொய்வு எட்டில் ஒன்றாகும். அகலத்தை இரட்டிப்பாக்கினால் பாதிதான் குறையும்.

மெக்காலே முறையில் (பீம் முழுவதற்கும் ஒரே சமன்பாட்டை அடைப்புக்குறிகளோடு எழுதித் தொகையிடுவது), பாதியிலேயே நின்றுவிடும் பரவிய சுமையை எப்படி எழுதுவது?

பீமின் கடைசிவரை நீட்டிவிடுங்கள். அப்புறம், அது நிற்க வேண்டிய இடத்திலிருந்து அதே அளவு சுமையை மேல்நோக்கிப் போட்டு ஈடுகட்டுங்கள். அடைப்புக்குறியை விரிக்காமல் அப்படியே தொகையிட வேண்டும். உள்ளே மைனஸ் வந்தால் அந்த உறுப்பு பூஜ்யம். மாறிலிகள் தப்பாக வருகின்றன என்று எழுதிய மூன்று பேரும் கடைசி விதியை மறந்தவர்கள்தான்.

கேண்டிலீவரின் (ஒரு முனை மட்டும் இறுக்கிய பீம்) நடுவில் சுமை இருந்தால், அதற்கு அப்பால் உள்ள பகுதியில் மொமெண்ட் (வளைக்கும் திருப்பம்) இல்லையே. முனையிலும் அதே தொய்வுதானே?

இல்லை. மொமெண்ட் இல்லாததால் அந்தப் பகுதி வளையாது, சரி. ஆனால் சுமை இருக்கும் இடத்தில் பீம் ஏற்கெனவே சாய்ந்துவிட்டது. மீதிப் பாதி அதே சாய்வில் நேர்கோடாகக் கீழே போகும். சுமையின் இடத்தில் தொய்வு ‘பி எல் கியூப் பை 24 ஈஐ’ (பி சுமை, எல் முழு நீளம்). அங்குள்ள சாய்வை மீதி நீளத்தால் பெருக்கினால் இன்னொரு ‘பி எல் கியூப் பை 16 ஈஐ’. இரண்டையும் கூட்டினால் 48-இல் 5 பங்கு, அதாவது சுமையின் இடத்தைவிட முனை இரண்டரை மடங்கு இறங்குகிறது. நம்பிக்கை வரவில்லையென்றால் 30 செ.மீ. ஸ்டீல் ஸ்கேலின் ஒரு முனையை மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்து, வெளியே நீளும் பகுதியின் நடுவில் ஒரு விரலால் அழுத்திப் பாருங்கள். விரலுக்கு அப்பால் ஸ்கேல் நேராகவே இருக்கும், முனை மட்டும் நன்றாகக் கீழே போயிருக்கும்.