திருமணமான பெண் கருக்கலைப்பு செய்துகொள்ளக் கணவரின் கையெழுத்து சட்டப்படி கட்டாயமா?

கட்டாயம் இல்லை. பதினெட்டு வயது நிரம்பிய, மனநோய் இல்லாத பெண் என்றால் அவளுடைய கையெழுத்து ஒன்றே போதும். 1971-ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம், மூன்றாம் பிரிவு, நான்காம் உட்பிரிவு. அவசரத்தில் இருப்பவர்கள் நேராகக் கடைசி மூன்று பத்திகளுக்குப் போய்விடலாம். நடுவில் இருப்பது என் புலம்பல்.

பெயரை மறைத்துக் கேட்டிருக்கிறீர்கள். பொது அறிவை வளர்த்துக்கொள்ள யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. எங்கோ ஒரு வரவேற்பு மேசையில் உங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். கணவர் வெளியூரில் இருக்கலாம், பிரிந்து போயிருக்கலாம், வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு முடியாது என்று சொல்லிக்கொண்டும் இருக்கலாம். என்னுடையது முதல் வகை. கடைசி வகை அதைவிடப் பல மடங்கு கொடியது. அதையும் அறிந்தவள்போல் பேச மாட்டேன்.

இதே கேள்விக்கு ஒருவர், "குழந்தை இருவருக்கும் பொது, ஆகவே இருவரும் கையெழுத்திட வேண்டும், இதுதான் சட்டம்" என்று பதில் எழுதியிருக்கிறார். நிறையப் பேர் அதற்கு ஆதரவு வாக்கும் போட்டிருக்கிறார்கள். அவருடைய நியாயம் அவரோடு இருக்கட்டும். அதைச் சட்டம் என்று சொன்னதுதான் பொய். தன்னைக் கேட்காமல் கருவைக் கலைத்துவிட்டாள் என்று மனைவி மீதும் மருத்துவர்கள் மீதும் ஒரு கணவர் இழப்பீட்டு வழக்கே போட்டுப் பார்த்தார். கணவரின் சம்மதம் தேவையில்லை என்று பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் 2011-இல் சொன்னது. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2017 அக்டோபரில் அங்கும் தள்ளுபடி.

இனி என் கதை. நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். காசோலையில் இருக்கும் கையெழுத்தும் கணினியில் இருக்கும் மாதிரிக் கையெழுத்தும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது பல ஆண்டுகளாக என் பிழைப்பு. அதனால்தானோ என்னவோ, இது இன்னும் ஆறவில்லை.

2014. மூத்தவள் பிறந்து பத்து மாதம். சிசேரியன். தழும்பு மழைக்காலத்தில் சுள்ளென்று இழுக்கும். பால் கொடுத்துக்கொண்டிருந்தேன், நாள் தள்ளிப்போனதையே தாமதமாகத்தான் கவனித்தேன். கணவர் சரக்குக் கப்பலில் வேலை. அவர் கிளம்பிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன, திரும்ப இன்னும் ஐந்து மாதம். கப்பல் துறைமுகத்தில் நின்றபோது பேசினோம். "உன் உடம்பு, நீ என்ன சொல்கிறாயோ அதுதான்" என்றார். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், "புருஷனுக்குத் தெரியாமல் செய்தவள்" என்று யாராவது கருத்துப் பகுதியில் எழுதுவதற்கு முன் நானே சொல்லிவிடலாம் என்றுதான். அப்படித் தெரியாமல் செய்திருந்தாலும் சட்டம் மாறியிருக்காது, அது வேறு விஷயம்.

மகளைப் பெற்றெடுத்த அதே தனியார் மருத்துவமனைக்குத்தான் போனேன். ஸ்கேன் எடுத்தார்கள்: ஆறு வாரம், இரண்டு நாள். மருத்துவர் நல்ல பெண்மணி. "ஏழு வாரத்துக்குள் இருக்கிறது, மாத்திரையிலேயே முடித்துவிடலாம்" என்றார். அன்றைய விதிப்படி மாத்திரைக்கு எல்லை ஏழு வாரம். 2021-இல்தான் அது ஒன்பது வாரமாயிற்று. நிம்மதியாக வெளியே வந்தால், வரவேற்பு மேசையில் ஒரு தாளை நீட்டினார்கள். கீழே இரண்டு கோடுகள். ஒன்று எனக்கு. இன்னொன்றின் அடியில் "கணவர் / பாதுகாவலர்".

"அவர் கடலில் இருக்கிறார்" என்றேன். "வந்த பிறகு அழைத்து வாருங்கள்" என்றாள் அந்தப் பெண். ஐந்து மாதம் கழித்து வந்து என்ன செய்வது என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது, எனக்கும் வந்திருக்க வேண்டும், வரவில்லை. கணவர் கைப்பட எழுதி, படம் எடுத்து மின்னஞ்சலில் அனுப்பினார். செல்லாது என்றார்கள். நேரில் வர வேண்டுமாம்.

இரண்டாவது இடம் இன்னும் மோசம். "முதல் குழந்தை பெண்ணா? அடுத்தது பையனாக இருக்கலாமே, யோசித்தீர்களா?" என்றார் அங்கிருந்த மருத்துவர். அடுத்த நிமிடமே, எங்காவது ஸ்கேனில் பாலினம் பார்த்துவிட்டு வந்தேனா என்று சந்தேகப்பட்டார். ஏழாவது வாரத்தில் எந்த ஸ்கேனிலும் அது தெரியாது என்பது எனக்கே தெரியும். பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு, கருக்கலைப்புச் சட்டம் வேறு. இரண்டையும் ஒரே குற்றமாகக் குழப்பிக்கொண்டு, எதற்கு வம்பு என்று கதவை மூடிவிடுகிறார்கள். பெண் சிசுவைக் காக்க வந்த சட்டத்தைக் காட்டிப் பெண்ணையே விரட்டுகிறார்கள்.

இப்படியே இரண்டு வாரம் ஓடியது. மறுபடி முதல் மருத்துவமனை. "கணவர் இல்லையென்றால் மாமனார், கொழுந்தனார், கூடப் பிறந்தவர், யாராவது ஒருவர் போடட்டும்" என்று இறங்கி வந்தார்கள். அம்மா போடலாமா என்று கேட்டேன். "ஆண்கள் யாரும் இல்லையா?"

அங்கேதான் எனக்குப் புரிந்தது. கணவனின் உரிமை என்பதெல்லாம் இல்லை. உரிமை என்றால் அதைக் கொழுந்தனாருக்குக் கைமாற்ற முடியுமா? நாளைக்கு ஏதாவது ஆனால் சட்டையைப் பிடிக்க ஓர் ஆண் வேண்டும், அவ்வளவுதான். மருத்துவர்களை நான் முழுக்கக் குறை சொல்லவில்லை. உறவுக்காரர்கள் வந்து மருத்துவமனையை அடித்து நொறுக்கும் நாட்டில் அவர்களுக்கும் பயம் இருக்கும். ஆனால் அந்தப் பயத்துக்கு விலை கொடுத்தது நான்.

மாமனாரிடம் சொல்ல வாய் வரவில்லை. தம்பியை அழைத்தேன். என்னைவிட எட்டு வயது இளையவன். அவன் ஆறாம் வகுப்பு படிக்கும்போது அப்பா போய்விட்டார். அதற்குப் பிறகு அவனுடைய ரேங்க் கார்டில் எல்லாம் "பெற்றோர் / பாதுகாவலர்" என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டது நான்தான். கணக்கில் தோற்றபோது அம்மாவுக்குத் தெரியாமல் போட்டுக் கொடுத்ததும் உண்டு. அந்தப் பையன் வந்து, தலையை நிமிர்த்தாமல், அக்காவுக்குப் பாதுகாவலராகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "பைக்கை நிழலில் நிறுத்திவிட்டு வருகிறேன்" என்று வெளியே போனான். திரும்பி உள்ளே வரவில்லை. இன்றுவரை அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

மாத்திரைக்கான எல்லை தாண்டிவிட்டது. மயக்க மருந்து கொடுத்து, உறிஞ்சி எடுக்கும் முறையில் செய்தார்கள். ஒன்பதாவது வாரம். பெரிய ஆபத்தெல்லாம் இல்லை, மாலையே வீடு திரும்பினேன். ஆனாலும், வீட்டில் மாத்திரையோடு முடிந்திருக்க வேண்டியதை அறுவை அரங்கு வரை இழுத்தது உடம்பின் கோளாறு அன்று, ஒரு கோடு.

பிறகுதான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். விதிகளோடு "படிவம் சி" என்று ஒன்று இருக்கிறது. சம்மதப் படிவம் அதுதான். அதில் கணவரின் கையெழுத்துக்கு இடமே கிடையாது. பாதுகாவலர் கையெழுத்து இரண்டே பேருக்குத்தான்: பதினெட்டு வயது ஆகாதவர், மனநோய் உள்ளவர். 2002 திருத்தத்துக்கு முன் அந்த இரண்டாவது சொல் சட்டத்தில் "பைத்தியம்" என்னும் பொருளில்தான் இருந்தது. ஆக, என் தம்பியைக் கையெழுத்துப் போடச் சொன்னபோது என்னை எந்த வரிசையில் நிறுத்தினார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தினமும் ஊரார் பணத்துக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறவள். ரேஷன் அட்டையில் குடும்பத் தலைவி வேறு.

பேச்சு தம்பியைத் தொட்டுவிட்டது, சொல்லாமல் போனால் தூக்கம் வராது. 2019-இல் அப்பா கட்டிய வீட்டை விற்றார்கள். அப்போது இதே தம்பி, "அக்கா, ஒரு விடுதலைப் பத்திரம் மட்டும் போட்டுக் கொடுத்துவிடு" என்று பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப் போனான். அப்பா உயில் எழுதவில்லை. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்கும் மகனுக்கும் அதில் சம பங்கு. போட்டுக் கொடுத்தேன். அங்கே யாரும் என் கணவரைக் கூட்டி வரச் சொல்லவில்லை. பங்கை விட்டுக்கொடுக்க என் கையெழுத்து மட்டும் போதுமானதாக இருந்தது. சரி, இது வேறு வழக்கு, விட்டுவிடுகிறேன்.

"கருவும் ஓர் உயிர்தானே" என்று கேட்பவர்களுக்கு: நானும் விளக்கேற்றிச் சாமி கும்பிடுகிறவள்தான். அந்தக் கேள்வியை உங்களுக்கு முன் நானே பல இரவு கேட்டுக்கொண்டேன். அதற்கு என் பதிலை இங்கே எழுதக் கடமைப்பட்டவள் அல்லள்.

இன்னொரு சாரார், 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கருக்கலைப்பை உரிமை என்று சொன்ன 1973-ஆம் ஆண்டின் ரோ தீர்ப்பைத் தூக்கி எறிந்ததிலிருந்து, "பார்த்தீர்களா, நம் சட்டம் எவ்வளவு முற்போக்கு" என்று மார்தட்டுகிறார்கள். பாதிதான் உண்மை. நம் சட்டம் பெண்ணுக்கு உரிமை என்று எதையும் நேராகக் கொடுக்கவில்லை. 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 312-ஆம் பிரிவு கருக்கலைப்பைக் குற்றம் என்றது, பெண் தானே செய்துகொண்டாலும். இன்றைய பாரதிய நியாய சம்ஹிதாவில் அதுவே 88-ஆம் பிரிவாக உட்கார்ந்திருக்கிறது. 1971 சட்டம் அதிலிருந்து மருத்துவருக்குக் கிடைத்த விலக்கு, அவ்வளவே. இதை ஆராய அரசு அமைத்த சாந்திலால் ஷா குழு 1966-இல் அறிக்கை கொடுத்தபோது, கைவைத்தியம் பார்த்துச் சாகும் பெண்களின் நிலைதான் அதற்குப் பின்னால் இருந்தது. ஆகவே கணவனைக் கேட்கத் தேவையில்லை என்றாலும் மருத்துவரின் கருத்து வேண்டும், அவர் ஒரு காரணம் எழுத வேண்டும். என் மருத்துவர் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு, "என்ன எழுதட்டும்?" என்றார். "இப்போது வேண்டாம்" என்பது அந்தப் பட்டியலில் இல்லை. கருத்தடை முறை தோல்வி என்று எழுதினார். அந்தக் காரணம்கூட அன்றைக்குச் சட்டத்தில் "மணமான பெண் அல்லது அவளுடைய கணவர்" பயன்படுத்திய முறை என்றுதான் இருந்தது. 2021 திருத்தத்தில்தான் அது "எந்தப் பெண்ணும் அல்லது அவளுடைய துணைவரும்" என்று மாறியது.

இனி உங்களுக்கு வேண்டியவை. முதலில் வாரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள். இருபது வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். இருபதிலிருந்து இருபத்து நான்கு வரை இரண்டு மருத்துவர்கள், அதுவும் விதிகளில் சொன்ன சில பிரிவினருக்குத்தான்: பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானவர், பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர், கர்ப்பத்தின் நடுவில் விதவையானவர் அல்லது விவாகரத்து ஆனவர், மாற்றுத்திறனாளிகள் என்று போகும் பட்டியல். அதற்கு மேல் போனால், கருவில் கடுமையான குறைபாடு இருப்பதாக மருத்துவக் குழு சொல்ல வேண்டும். தாயின் உயிரைக் காக்க உடனடியாகச் செய்ய வேண்டியிருந்தால் மட்டும் வார எல்லை கிடையாது. நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி நாளைக் கடத்தாதீர்கள். இரண்டு குழந்தைகள் பெற்று, பேற்றுக்குப் பின்வரும் மனநோயோடு போராடிய ஒரு தாய் இருபத்தாறாவது வாரத்தில் உச்ச நீதிமன்றம் போனார். 2023 அக்டோபர் 16 அன்று முடியாது என்றுதான் தீர்ப்பு வந்தது.

கையெழுத்துக்காகத் தகராறு செய்தால் காட்ட வேண்டியது 2022 செப்டம்பர் 29 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வு. மணமாகாத பெண்ணுக்கும் இருபத்து நான்கு வாரம் வரை உரிமை உண்டு என்ற செய்திதான் அன்று பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. ஆனால் குடும்பத்தாரின் சம்மதம், ஆவணச் சான்று என்று மருத்துவமனைகள் கேட்கும் நிபந்தனைகளுக்குச் சட்டத்தில் அடிப்படை இல்லை என்றும் அதில் இருக்கிறது. கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் பெயரையும் விவரத்தையும் மருத்துவர் வெளியில் சொன்னால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம் என்று 2021 திருத்தம் சொல்வதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கீகாரம் பெற்ற இடம்தானா என்றும் பாருங்கள். மருந்துக் கடையில் தானாக மாத்திரை வாங்கிப் போடாதீர்கள்.

2023-இல் அலுவலகத்தில் ஒரு பெண்ணுக்குத் துணையாகப் போனேன். அதே போன்ற மேசை, அதே இரண்டு கோடு. தீர்ப்பின் அந்தப் பக்கத்தை அச்செடுத்துப் போயிருந்தேன். "கணவர் கையெழுத்து எந்தப் பிரிவின் கீழ் வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், அழைத்து வருகிறோம்" என்றேன். மேசையில் இருந்தவர் உள்ளே போனார். கால் மணி நேரம் கழித்து வந்து, கையெழுத்து வேண்டாம், கணவரின் ஆதார் நகல் மட்டும் போதும் என்றார். அதுவும் தேவையில்லை. நாங்கள் கொடுக்கவில்லை.