முன்பள்ளிக்குப் போகும் பிள்ளை பகலில் நனைக்கிறான்: திரும்பவும் பம்பர்ஸ் போடலாமா?

கேள்வி: நாங்கள் உப்புவெளியில் இருக்கிறோம். மகனுக்கு மூன்று வயதும் பத்து மாதமும். இரண்டரை வயதில் பம்பர்ஸை விட்டவன், ஒரு வருடத்துக்கு மேல் ஒரு பிரச்சினையும் இருக்கவில்லை. முன்பள்ளியில் சேர்த்த பிறகு வாரத்தில் மூன்று நாளாவது பகலில் காற்சட்டையை நனைக்கிறான். அநேகமாக முன்பள்ளி விட்டு ஓட்டோவில் வரும்போது, இல்லாவிட்டால் பின்னேரம் முற்றத்தில் விளையாடும்போது. இரவில் பாய் நனைவதில்லை. "ஒண்டுக்கு வருகுதா?" என்று கேட்டால் "வரேல்லை" என்பான், ஐந்து நிமிடத்தில் நனைந்து நிற்பான். அம்மம்மா, "வேணுமெண்டு செய்யிறான், ரெண்டு போட்டால் சரிவரும்" என்கிறா. பம்பர்ஸ் போடலாமா?

பதில்: போட வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். வேண்டுமென்று செய்கிற பிள்ளைக்கு ஓட்டோவும் முற்றமும் என்று கணக்கு இருக்காது. இந்தக் கணக்கு அவனுடைய சலப்பையின் கணக்கு.

நாலு வயதை எட்டும் பிள்ளையின் சலப்பை ஏறத்தாழ 150 மில்லிலீற்றர் கொள்ளும். வயதோடு ஒன்றைக் கூட்டி முப்பதால் பெருக்கினால் வருகிற அளவு இது. காலை ஏழரைக்கு வீட்டில் போனவன் முன்பள்ளியில் ஒரு தடவையும் போகாமல் பதினொன்றரைக்கு வெளியே வந்தால், நாலு மணித்தியாலச் சலத்தோடு ஓட்டோவில் ஏறுகிறான். வழியில் இரண்டு பள்ளம் போதும். அவன் சொல்லும் "வரேல்லை" பொய்யும் அல்ல. அடக்கிப் பழகிய பிள்ளைக்கு முதலில் வருகிற மெல்லிய உணர்வு தெரியாமலே போய்விடும். கடைசி நிமிடத்தில்தான் உறைக்கும். காலைப் பின்னிக்கொண்டு நிற்பது, குதிக்காலில் குந்துவது, முன்பக்கத்தைப் பிடிப்பது எல்லாம் அந்தக் கடைசி நிமிடத்தின் அடையாளங்கள்.

ஆகவே இனிக் கேட்காதீர்கள், கூட்டிக்கொண்டு போங்கள். "வா, போயிட்டு வந்து விளையாடுவம்" என்று சாதாரணமாகச் சொன்னால் போதும். எழும்பியவுடன், வீட்டால் வெளிக்கிட முன், முன்பள்ளியில் சாப்பாட்டு நேரத்துக்கு முன், ஓட்டோவில் ஏற முன், பிறகு படுக்கும்வரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. காற்சட்டையைக் கணுக்கால்வரை இறக்கிவிடுங்கள். அரைகுறையாக இறக்கினால் அவசரத்தில் பாதியோடு ஓடிவருவான். முடிந்த பிறகு பத்து எண்ணி, இன்னுமொரு தடவை முயலச் சொல்லுங்கள். பெண்பிள்ளை வைத்திருப்போருக்கு ஒன்று: முழங்கால்களை ஒட்டவைத்துக் கொமட்டில் இருந்தால் கொஞ்சச் சலம் பிறப்புறுப்புக்குள் தங்கி, எழும்பிய சிறிது நேரத்தில் உள்ளாடையில் கசியும். காலை அகட்டி இருத்தினால் பெரும்பாலும் அதுவே நின்றுவிடும்.

முன்பள்ளி மலசலகூடத்தை நீங்களே ஒரு தடவை உள்ளே போய்ப் பாருங்கள். வீட்டில் கொமட்டும் அங்கே குந்துகிற பேசினுமாக இருக்கலாம். தரை ஈரம், இருட்டு, இறுகிய கதவு, கழற்ற முடியாத பட்டன், டீச்சரிடம் கேட்கக் கூச்சம்: இவற்றில் ஒன்றே பிள்ளை அடக்குவதற்குப் போதும். இலாஸ்ரிக் வைத்த காற்சட்டை போடுங்கள். கேட்கும்வரை காத்திராமல் குறித்த நேரத்தில் அனுப்பும்படி டீச்சரிடம் சொல்லிவையுங்கள்.

இனி, பலர் சலத்தோடு சேர்த்து யோசிக்காத இடம்: மலச்சிக்கல். மலக்குடல் சலப்பைக்குப் பின்னால்தான் இருக்கிறது. அது நிரம்பிக் கிடந்தால் சலப்பையை நெருக்கும். கொள்ளளவு குறையும், நினையாத நேரத்தில் சுருங்கவும் வைக்கும். தினமும் வெளிக்குப் போகிறான் என்பது மட்டும் போதாது. ஆட்டுப் புழுக்கை போல இறுகிப் போகிறதா, வயதுக்கு மிஞ்சின பெருப்பத்தில் போகிறதா, முக்குகிறானா, உள்ளாடையில் கறை இருக்கிறதா என்று பாருங்கள். பால்மாவைக் கரைத்துக் கரைத்துக் கொடுத்து வயிற்றை நிரப்பும் பிள்ளைகளிடம் இது சாதாரணம். நாளுக்கு இரண்டு கப்புக்கு மேல் பால் வேண்டாம். பப்பாசிப்பழம், தோடம்பழம், கீரை, அவித்த பயறு, கௌபி ஆகியவற்றில் ஏதாவது தினமும் இருக்கட்டும். காலைச் சாப்பாடு முடிந்ததும் குடல் தானாக அசையும் நேரம். அப்போது ஐந்து நிமிடம் இருத்துங்கள். கொமட் என்றால் காலுக்குக் கீழே சின்ன முக்காலி வேண்டும், தொங்கும் காலோடு முக்க முடியாது. ஏற்கனவே இறுகிச் சேர்ந்துவிட்டதைப் பழம் மட்டும் இளக்காது. வைத்தியர் மருந்து தந்தால் இரண்டு நாள் இளகிப் போனதும் நிறுத்திவிடாதீர்கள், சொன்ன காலம் முழுக்கக் கொடுங்கள். விளக்கெண்ணெய் பருக்கும் பழைய கைவைத்தியம் வேண்டாம்.

தண்ணீரைக் குறைப்பது இன்னொரு பிழை. இந்த வயதுக்கு ஒரு நாளைக்கு ஒரு லீற்றர் அளவுக்குக் குடிக்க வேண்டும்; கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அதற்கும் கூட. தண்ணீர் குறைந்தால் சலம் கடுத்து, சலப்பையை உறுத்தி, அடிக்கடி வரவைக்கும். நிறம் வைக்கோல் நிறமாக இருந்தால் சரி. தேத்தண்ணி வேண்டாம்.

நனைந்துவிட்டால் "நனைஞ்சு போச்சு, வா மாத்துவம்" என்பதோடு பேச்சு முடியட்டும். ஈர உடுப்பை அவனே வாளிக்குள் போடட்டும். புகழ்வதானால் போய் இருந்ததற்குப் புகழுங்கள். "இண்டைக்கு நனைக்கேல்லை, கெட்டிக்காரன்" என்றால் இன்னும் இறுக்கி அடக்கத்தான் பார்ப்பான். அம்மம்மாவுக்கு விளங்கப்படுத்தவும் இந்த ஒரு காரணம் உதவும். முன்பள்ளிப் பையில் இரண்டு சோடி மாற்றுடுப்பும், ஈர உடுப்புக்கு ஒரு சொப்பின் பையும் போதும்.

உங்கள் மகன் நெடுநாள் காய்ந்திருந்து திரும்ப நனைப்பதால், வேறு குறி இல்லாவிட்டாலும் ஒரு சலப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. குடும்பநல உத்தியோகத்தரிடம் சொன்னால் எங்கே போவது என்று காட்டுவார். போகும்போது எத்தனை மணிக்குப் போனான், எப்போது நனைத்தான், மலம் எப்படி என்று ஒரு வாரக் குறிப்பைக் கொண்டுபோங்கள். சலக்கடுப்பு, காய்ச்சல், சலத்தில் இரத்தம், ஓயாத கசிவு, முக்கி முக்கிச் சலம் போவது, நடையில் தடுமாற்றம் என்றால் காத்திராதீர்கள். அடங்காத தாகமும் மெலிவும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போய் இரத்தத்தில் சீனி பார்க்க வேண்டும்.

நனைந்த தரையையோ ஓட்டோ சீற்றையோ முதலில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, பிறகு சவர்க்காரம் போடுங்கள். கழுவாத சலத்தின் மேல் நேரே ப்ளீச் ஊற்றினால் மூக்கையும் நெஞ்சையும் எரிக்கும் வாயு கிளம்பும்.